புள்ளி விழாமல் வெட்டுவது

அப்பாவுக்கு இந்த ஆண்டு அறுபது. மணிவிழாவை வீட்டுப் பக்கத்துச் சமூக மன்றத்தில் சின்ன அளவில் வைக்கலாம் என்று முடிவானதும், வாசலில் வைக்கிற வாழ்த்துப் பலகையையும் கேக்கின் மேல் நிற்கிற எழுத்தையும் நானே வெட்டித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கணினியில் வரைந்த வடிவத்தைத் தாளிலும் அட்டையிலும் கத்தியால் வெட்டித் தருகிற, 12 அங்குல அகலம் வெட்டும் கைவினை இயந்திரம் வீட்டில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அதில் ஆங்கில எழுத்துகள் நிறைய வெட்டியிருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகப் பெயர்கள், பக்கத்து வீட்டாருக்கு நோன்புப் பெருநாள் பைகள், அப்படி. தமிழில் வெட்டுவது இதுதான் முதல் முறை.

இங்கே சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகளும் ஒரே பலகையில் நிற்கும்போது, தமிழ் வரியில் மட்டும் கொம்பு இடம் மாறியும் புள்ளி தொலைந்தும் இருப்பதைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்பாவோடு போகும்போது அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அவர் நின்று முழுதும் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடப்பார். அவருடைய மணிவிழாப் பலகையில் அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

முதலில், இயந்திரத்தோடு வந்த மென்பொருளிலேயே தட்டிப் பார்த்தேன். மேசைகளில் வைக்கிற அட்டைகளில் ஒன்று ‘பெரியப்பா’. தட்டியதும் ப முன்னாலும் ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னாலும் வந்து நின்றன. காரணம் எளிது. கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘பெ’ என்பது முதலில் ப, அடுத்து கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தைத் திரையில் வரையும் மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருள், சேமித்த வரிசைப்படியே வரைந்துவிடும். எழுத்துருவை மாற்றினாலும் இது சரியாகாது.

அதனால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குப் போனேன். இலவசம், தமிழைச் சரியாக அடுக்கும். அங்கே எழுத்தைத் தட்டி, கோட்டுருவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து இயந்திரத்துக்குக் கொடுத்தால், அதன் மென்பொருளுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதன் கண்ணுக்கு அவை வெறும் வளைகோடுகள்.

எழுத்துருவுக்காகக் கட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி மூன்றையும் இறக்கி, ஒரே சொல்லை மூன்றிலும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். மூன்றுமே கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைப்பவை. அட்டை வெட்டுக்கு அழகை விடக் கோட்டின் தடிமன் முக்கியம். மெல்லிய கோடு திரையில் நேர்த்தியாக இருக்கும், உரிக்கும்போது கிழிந்து கையோடு வரும். பலகைக்குக் கட்டமரனில் மிகத் தடித்த வகையையும், கேக்குக்கு உருண்டு திரண்ட பலூ தம்பியையும் எடுத்துக்கொண்டேன்.

பலகையில் என்ன எழுதுவது என்பதில் ஒரு மாலைப் பொழுது போனது. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “வாழ்த்துக்கள் இல்லம்மா, வாழ்த்துகள். அந்த ‘க்’கை எடுத்துடு” என்றார். தமிழ் படித்தவர்களுக்குள் இது நெடுநாள் வழக்கு, இரண்டு பக்கமும் வாதம் உண்டு. சித்தப்பா சொன்னால் அப்பா ஏற்பார் என்பதால் ‘மணிவிழா வாழ்த்துகள்’ என்று வைத்தேன். வெட்டுகிறவள் என்ற முறையில் எனக்கு அதில் இன்னொரு நிம்மதி: ஒரு புள்ளி குறைந்தது.

அப்புறம் கோட்டுருவ வேலை. சொல்லைத் தேர்ந்தெடுத்து ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தேன். ஷிஃப்ட், கண்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதுவே. அதன்பின் எழுத்துகள் ஒரு குழுவாகக் கிடைக்கும். அந்த நிலையில் அப்படியே வெட்டுக்கு அனுப்பியதுதான் என் முதல் தவறு. திரையில் ‘ணி’ ஒழுங்காகத்தான் தெரிந்தது. வெட்டிய தாளை உரித்தால், ண-வின் வலது காலுக்கும் மேல்விலங்குக்கும் நடுவே குறுக்கே ஒரு வெட்டு விழுந்து, விலங்கு தனியே கழன்று வந்தது. எழுத்துருவில் அந்த விலங்கு தனி உருவமாக வரையப்பட்டு ண-வின் மேல் ஏறி நிற்கிறது. இரண்டும் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது. கத்திக்கு நிறம் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை கோடுகள் இருக்கின்றனவோ அத்தனையையும் வெட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோடுகளாகப் பார்ப்பது. கண்ட்ரோலோடு எண்பலகையின் 5-ஐ அழுத்த அழுத்தக் காட்சி மாறிக்கொண்டே வரும், அதில் ஒன்று கோட்டுக் காட்சி. எங்கெல்லாம் இரண்டு எழுத்துறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன என்பது அங்கே பளிச்சென்று தெரிந்தது. ‘வி’யிலும் இதே கதை. இவற்றைத் தேர்ந்தெடுத்து ‘யூனியன்’ கொடுத்தால் உள்ளே ஓடும் கோடுகள் மறைந்து வெளி ஓரம் மட்டும் மிஞ்சும்.

இங்கே ‘கம்பைன்’ என்றும் ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது இரண்டு உருவங்களை ஒரே பொருளாகக் கட்டிவைக்கும், கோடுகளை உருக்கிச் சேர்க்காது. ஏறியிருக்கும் இடம் ஓட்டையாகக்கூடத் தெரியும். வெட்டுக்கு வேண்டியது யூனியன்தான்.

முழுச் சொல்லுக்கும் ஒரே தடவையில் யூனியன் கொடுத்துவிட்டு, பிறகு ‘பிரேக் அபார்ட்’ போட்டுப் பிரிக்கலாம் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் வ, த, க ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடமும் தனித் துண்டாகப் பிரிந்து, சுழிகள் அடைபட்டுப் போகின்றன. எனவே ஒவ்வோர் எழுத்தாகவே யூனியன் கொடுத்தேன். முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன்: மணிவிழா வாழ்த்துகள் என்பது மொத்தம் பதினைந்து துண்டு. அதில் மூன்று புள்ளிகள், இரண்டு துணைக்கால்கள். இந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியது பின்னால் மிகவும் உதவியது. வெட்டி உரித்த பிறகு பதினைந்து கையில் இருந்தால்தான் குப்பைப் பையைக் கட்டினேன்.

அடுத்த சிக்கல் அளவு. இங்க்ஸ்கேப்பில் 300 மில்லிமீட்டர் அகலமாக இருந்த கோப்பு, வெட்டும் மென்பொருளில் 400 ஆக விரிந்தது. 400-ஐ 300-ஆல் வகுத்தால் வருவது 96-ஐ 72-ஆல் வகுத்தால் வருவதேதான். ஓர் அங்குலத்துக்கு 96 படப்புள்ளி (பிக்செல்) என்று ஒரு மென்பொருள் எழுத, 72 என்று இன்னொன்று படித்திருக்கிறது. (2017-இல் வந்த 0.92 பதிப்புக்கு முன்பு இங்க்ஸ்கேப்பே 90 என்று வைத்திருந்தது. பழைய கோப்புகளைத் திறக்கிறவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.) இப்போது ஒவ்வொரு கோப்பின் மூலையிலும் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்துவைக்கிறேன். வெட்டும் மென்பொருளில் திறந்ததும் முதலில் அந்தச் சதுரத்தின் அளவைப் பார்ப்பேன், 100 இல்லையென்றால் எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அதை 100 ஆக்குவேன், பிறகு சதுரத்தை அழித்துவிடுவேன்.

எழுத்துகளை வரிசைப்படுத்துவதில் இன்னொன்று கற்றேன். தாளில் இடம் மிச்சம் பிடிக்க எழுத்துகளை இங்கும் அங்கும் நகர்த்தியிருந்தேன். திரும்ப வரியாக்கும்போது ‘கீழ் ஓரம் ஒன்றாக’ என்ற கட்டளையைக் கொடுத்தேன். சொல் முழுவதும் தள்ளாடியது. ழ-வின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும், து-வின் சுழியும் இறங்கும். ம, க, ா எல்லாம் அடிக்கோட்டிலேயே நிற்கும். மென்பொருள் வாலின் நுனியையும் ம-வின் அடியையும் ஒரே மட்டத்தில் வைத்ததால் ழ மேலே ஏறிவிட்டது. தமிழ் எழுத்துகளுக்கு இந்தக் கட்டளை உதவாது. கோட்டுருவமாக மாற்றும் முன்பே அடிக்கோட்டில் ஒரு வழிகாட்டிக் கோட்டை இழுத்துவைத்துவிட்டு, பிறகு எழுத்துகளை இடவலமாக மட்டும் நகர்த்த வேண்டும். இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டே இழுத்தால் நேர்கோட்டிலேயே நகரும். வெட்டுக்குத் தனிப் பிரதி, அடுக்குக்குத் தனிப் பிரதி என்று இரண்டு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது.

பலகை ஏ1 அளவு நுரை அட்டை, 84.1-க்கு 59.4 செண்டிமீட்டர். இரண்டு வரி, எழுத்து உயரம் 8 செண்டிமீட்டர். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பொன்நிறத் தடித்த அட்டையும் அரக்கு நிற அட்டையும் வாங்கினேன், பட்டுச்சேலை போல இருக்கட்டும் என்று.

வெட்டியது ஒரு மழை நாளில். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். திறந்த சன்னல் பக்கத்தில் இரவு முழுக்க வைத்திருந்த அட்டை துவண்டு போயிருந்தது. கத்தி அதை அறுக்காமல் இழுத்தது, சுழிகளின் ஓரத்தில் பஞ்சு பஞ்சாக நார் தெரிந்தது. மீதித் தாள்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டப்பாவில் ஓர் இரவு வைத்து, அடுத்த நாள் குளிர்சாதன அறையில் வெட்டினேன். அதே கத்தி, அதே அழுத்தம், ஓரம் சுத்தமாக வந்தது. வேகத்தைக் குறைத்து இரண்டு ஓட்டம் விட்டேன். ஓர் ஓட்டத்தில் முழு ஆழம் வெட்டப் பார்த்தால் புள்ளி வட்டமாக வராமல் முடிகிற இடத்தில் மூக்கு தள்ளும்.

எழுத்துகளைப் பலகையில் இடம் தவறாமல் ஒட்டுவதற்குத் தம்பி ஒரு வழி சொன்னான். முழு அடுக்கையும் சாதாரணத் தாளில் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டி, பலகையின் மேல் பரப்பி, மழுங்கிய பென்சிலால் எழுத்தின் ஓரங்களை அழுத்தி வரைய வேண்டும். நுரை அட்டையில் மெல்லிய பள்ளக் கோடு விழும். அதைப் பார்த்து ஒட்டினால் புள்ளி உட்பட எல்லாம் தன் இடத்தில் உட்காரும், ஓரத்தில் பென்சில் கறையும் இருக்காது. “அக்கா, புள்ளியை முதல்ல ஒட்டிடுங்க, அதுதான் தொலையும்” என்றான். அப்படியே செய்தோம்.

இனி கேக்கின் மேல் நிற்கிற எழுத்து. பலகையில் எழுத்துக்குப் பின்னால் அட்டை இருக்கிறது. கேக்கின் மேல் நிற்பதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு துண்டும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும், பிடி இல்லாதது விழும். ஆங்கிலத்தில் ஐ, ஜே என்ற இரண்டு சிறிய எழுத்துகளுக்குத்தான் தலையில் தனிப் புள்ளி. தமிழில் மெய் வருகிற இடமெல்லாம் புள்ளி, புள்ளி வருகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி.

சொல் ‘அப்பா 60’. ஆங்கிலத்தில் செய்வது போல எழுத்துகளை நெருக்கி, ஒன்றோடொன்று சற்று ஏறவிட்டு யூனியன் கொடுத்தேன். திரையைப் பார்த்த அம்மா, “இது என்ன, அயா-ன்னு இருக்கு?” என்றார். உண்மைதான். முதல் ப-வின் வலது காலும் இரண்டாவது ப-வின் இடது காலும் ஒன்றாகிவிட்டால் மிஞ்சுவது மூன்று கால், கீழே ஒரு கோடு. அது ய. இரண்டு எழுத்தை ஒட்டப்போய் மூன்றாவது எழுத்து பிறந்துவிட்டது. ப-வையும் ப-வையும் தொடவே விடக் கூடாது என்று அப்போது புரிந்தது. இரண்டுக்கும் இடையே 4 மில்லிமீட்டர் விட்டேன்.

புள்ளி இன்னும் கடினம். ள், க், த் போன்றவற்றில் புள்ளிக்கு நேர் கீழே ஏதாவது ஒரு கோடு இருக்கும், சின்னப் பாலம் போட்டுப் பிடித்துவிடலாம். ப-வின் தலை திறந்தது. புள்ளிக்குக் கீழே வெறும் காற்று. புள்ளியை ஒரு காலின் நுனியில் சாய்த்து ஒட்டிப் பார்த்தேன், கால் கொண்டை வைத்தது போல இருந்தது, புள்ளியாகப் படிக்க முடியவில்லை. புள்ளியிலிருந்து கீழ்க்கோடு வரை மெல்லிய தண்டு இறக்கினேன். நடுவில் ஒரு கால் முளைத்து மறுபடியும் ய.

ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிடுவார்கள், படிக்கிறவர் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று கண்டுகொள்வார் என்று சித்தப்பா முன்பு சொல்லியிருக்கிறார். நானும் விட்டிருக்கலாம். ஆனால் ‘அபபா’ என்று அப்பா தலைமேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவில் பின்தாள் வழிக்கு வந்தேன். எழுத்துகள், எண், புள்ளி எல்லாவற்றையும் யூனியன் கொடுத்து ஒரே பொருளாக்கி, ‘லிங்க்ட் ஆஃப்செட்’ கொடுத்தேன். மூல எழுத்து அப்படியே இருக்கும், அதன் பின்னால் அதே வடிவம் சுற்றிலும் பருத்து நிழல் போல வரும். அதன் ஓரத்தில் திரையில் தெரியும் சின்னப் பிடியை இழுக்க இழுக்க நிழல் பருக்கும். மூலத்தில் எதையாவது நகர்த்தினால் நிழலும் கூடவே மாறும், இதுதான் இந்தக் கருவியின் அருமை.

எவ்வளவு பருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. புள்ளிக்கும் பக்கத்துக் காலுக்கும் இடைவெளி 7 மில்லிமீட்டர். இரண்டு பக்கத்து நிழலும் 3.5 வளர்ந்தால் நுனியில் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான், தூக்கினால் அறுந்துவிடும். ஆகவே 4.5 கொடுத்தேன், அப்போது புள்ளிக்கு இரண்டு பக்கமும் நல்ல கழுத்து கிடைத்தது. பிடியை இழுக்கும்போது அளவை எப்படிப் பார்ப்பது? மேலே உள்ள அகலப் பெட்டியைப் பார்த்தால் போதும். எழுத்தின் அகலம் 150 என்றால், நிழலின் அகலம் 159 ஆகும்போது நிறுத்த வேண்டும், பக்கத்துக்கு 4.5. (கோட்டுத் தடிமன் எதுவும் இல்லாமல் வெறும் நிறம் மட்டும் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.) பிறகு நிழலைக் கோட்டுருவமாக மாற்றி, இந்த முறை வேண்டுமென்றே பிரேக் அபார்ட் போட்டு, உள்ளே மிஞ்சிய சின்ன ஓட்டைகளை அழித்துவிட்டேன். பின்தாள் கெட்டியாக இருப்பதே நல்லது.

அரக்கு நிறத்தில் பின்தாள், மேலே பொன்நிற எழுத்து. தனியாக வெட்டிய புள்ளியைப் பின்தாளில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இயந்திரத்தின் பேனாப் பிடியே விடை தந்தது. எழுத்தின் ஓரத்தை அரை மில்லிமீட்டர் உள்ளே சுருக்கி ஒரு பிரதி எடுத்து, பின்தாளில் முதலில் பேனாவால் அதை வரையவிட்டு, தாளை ஒட்டிவைத்து வெட்டும் பாயிலிருந்து எடுக்காமல் வெளி ஓரத்தைக் கத்தியால் வெட்டவிட்டேன். பேனாக் கோடு எழுத்துக்கு அடியில் மறைந்துவிடும், புள்ளி ஒரு மயிரிழைகூட நகராது.

சாத்தே இறைச்சி கோக்கிற மெல்லிய குச்சி இரண்டு, ஒன்று அ-வின் பின்னால், ஒன்று சுழியத்தின் பின்னால். பின்தாளை இடவலமாகத் திருப்பி இன்னொன்று வெட்டி முதுகில் ஒட்டியதால் குச்சியும் பசையும் மறைந்தன. தாள் க்ரீமைத் தொடாமல் இருக்க ஒரு விரல் உயரம் விட்டுக் குச்சியை ஊன்றினோம்.

மேசை அட்டைகளில் ஒன்று ‘பிள்ளைகள்’. அதை வெட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஒரு துண்டுத் தாளில் பழைய ‘ளை’யை வரைந்து காட்டினார், ள-வின் தலையில் யானைத் துதிக்கை போல வளைந்து ஒரே இழுப்பில் ஒட்டிக்கொள்கிற வடிவம். 1978-இல் தமிழ்நாட்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய பதிமூன்று எழுத்துகளில் அதுவும் ஒன்று. “உன் இயந்திரத்துக்கு அது சுகமா இருந்திருக்கும் பாரு, ஒரே துண்டு” என்றார். எண்ணிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. இப்போதைய ளை இரண்டு துண்டு.

விழா அன்று பலகையின் முன் அப்பா நின்று, வழக்கம் போல முழுதும் படித்தார். பிறகு கையை நீட்டி ள-வின் மேலிருந்த புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். கேக் வெட்டும்போது, “அம்மாவுக்கு எப்போ?” என்று கேட்டார். அடுத்த வாரமே கோப்பைத் திறந்துவிட்டேன். ம-வுக்கு வலப்பக்கம் சுழி இருப்பதால், அடுத்த ம-வின் காலோடு சேர்ந்தாலும் அது வேறு எழுத்தாக மாறவில்லை. இடைவெளி வேண்டாம், நெருக்கி ஒட்டலாம். புள்ளிக்குப் பக்கத்துச் சுழி 5 மில்லிமீட்டரில் இருக்கிறது, 3.5 பருக்கினால் போதும்.